முதுகில் பிளாஸ்திரித் தடம்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துப் பொதுக் குளியலகத்தில், பெண்கள் பக்கம் அழுக்குத் தேய்த்துவிடுகிறவள் பில்லே. வயது அறுபத்து நாலு. வெந்நீர்த் தொட்டியில் ஊறி வருகிறவர்களை மேஜையில் படுக்கவைத்துச் சொரசொரப்புத் துணியால் தேய்த்தாளானால் அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை. ஊர்ப் பெண்களின் முதுகெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் எப்போது ஊசி போட்டுக்கொண்டாள் என்பதுகூடத் தெரியும். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவார்கள் அல்லவா, அதைப் பிய்த்த பிறகும் பசை சாம்பல் நிறத்தில் சதுரமாக நிற்கும். வெந்நீருக்கெல்லாம் அது போகாது. ஒருத்தர் கைவைத்துத் தேய்த்தால்தான் போகும்.

அப்படிப்பட்டவளின் முதுகுக்கே வலி வந்துவிட்டது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தன் கை எட்டாத இடத்தில். கையை ஓங்கினால் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி நெஞ்சுவரை கம்பி போட்டு இழுத்தது. புத்தாண்டுக்கு ஐந்தே நாள் இருந்தது. வருஷத்துக் கூட்டமெல்லாம் அந்தச் சில நாளில்தான் வரும். முதலாளியம்மா வோல்சுக் இன்னொரு மேஜை வாங்கிப் போட்டு, தேகுவிலிருந்து ஓர் இளம்பெண்ணையும் வரவழைத்திருந்தாள். பில்லே அக்காவால் முடியாவிட்டால் எல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான் என்று, பில்லேயிடம் சொல்லாமல், அவள் காதில் விழும்படி, குளியலகத்திலேயே அவித்த முட்டை விற்கிறவளிடம் சொன்னாள். அது சொல்கிற விதமா? கதை சொல்கிற எனக்கே பிடிக்கவில்லை.

முதுகுவலிக்குப் போடுகிற ஊசியை எலும்பு ஊசி என்பார்கள் ஊரில். எலும்பைக் கரைத்துவிடும் என்று பாதிப்பேர் பயப்படுவார்கள். அந்தப் பாதிப்பேரும் போய்ப் போட்டுக்கொள்வார்கள். பில்லேயும் இரண்டு வாரத்துக்கு முன்னால் ரயிலடி மருத்துவரிடம் போட்டுக்கொண்டாள். பிளாஸ்திரி தெரியக் கூடாதென்று, அன்றிலிருந்து அந்த ஆவியிலும் பனியனைக் கழற்றாமல் வேலை செய்தாள். ஒன்பது நாள் சுகம், பத்தாம் நாள் பழைய கதை. திரும்பப் போனபோது இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டார். அதனால் வார விடுமுறையன்று, ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு வலி மருத்துவரிடம் போய் உட்கார்ந்தாள்.

இவர் இளைஞர், பேச்சில் பணிவு. சர்க்கரை உண்டா என்று கேட்டார், கொஞ்சம் உண்டு என்றாள். சமீபத்தில் முதுகில் ஊசி போட்டதுண்டா என்றார்.

"இல்லீங்க. இதுதான் மொத தடவை."

நர்ஸ் அவளைக் குப்புறப் படுக்கவைத்தாள். ஊரையெல்லாம் குப்புறப் படுக்கவைத்தவளுக்கு, படுத்ததும் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நர்ஸ் மருத்துவமனை உடுப்பின் பின்பக்க நாடாவை அவிழ்த்துப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஊசி எப்பப் போட்டீங்க?" என்றார் அவர்.

"போடலைன்னு சொன்னேனே."

"ரெண்டு பிளாஸ்திரி ஒட்டின தடம் அப்படியே சதுரமா இருக்கும்மா."

ஊர்ப் பசையெல்லாம் எடுத்துவிட்டவளின் முதுகைத் தேய்க்க ஆளில்லை. தடம் எத்தனை நாள் பழசு என்று அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவளால் எப்படி மல்லுக்கு நிற்க முடியும்?

"ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள், தலையணைக்குள்.

டாக்டர் கோபப்படவில்லை. இது எலும்பில் போடுகிற ஊசியே இல்லை, நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்துக்கு என்றார். ஆனால் அந்த மருந்தை அடுத்தடுத்துப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பும் வலுவிழக்கும் என்றார். இன்றைக்கு மரத்துப்போக வைக்கிற மருந்து மட்டும்தான், முழுசாக வலி போகாது. இரண்டு நாள் வெந்நீரும் கூடாது, கையை ஓங்குகிற வேலையும் கூடாது.

"என் பொழைப்பே வெந்நீர்லதாங்க."

"தெரியுதும்மா. அதுக்கு என்கிட்ட ஊசி இல்லையே."

நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டுதான் குத்துவேன், அசையக் கூடாது என்றார். மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தாள். முதலில் எறும்புக்கடி, பிறகு உள்ளே ஓர் அழுத்தம், பிறகு கம்பி தளர்ந்தது. கொஞ்சம்தான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே குளியலகத்துக்குப் போனாள். வோல்சுக் காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பில்லே ஊசியையும் சொன்னாள், தான் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

"ரெண்டு நாள் அந்தப் பொண்ணு நிக்கட்டும். மூணாம் நாள் வருவேன். கனமான ஆளுங்க அவளுக்கு, கிழவிங்க எனக்கு. முட்டைக்காரிகிட்ட இல்ல, எங்கிட்டயே சொல்லு, சரியா வராதா?"

வோல்சுக்கின் முகம் சிவந்தது. "நீங்களே தீர்ப்பு எழுதிட்டு வந்துட்டு என்னைக் கேக்கறீங்களேக்கா" என்றாள். வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பில்லே பனியன் இல்லாமல் வந்து நின்றாள். வலி பாதி இருந்தது. மத்தியானம் மீன் ஏலக்காரி சுன்யே வந்தாள். இருபது வருஷ வாடிக்கை, நல்ல கனத்த உடம்பு. பழக்கத்தில் பில்லேயின் மேஜையில் ஏறப் போனவளுக்கு, பில்லே மற்ற மேஜையைக் கைகாட்டினாள். அந்தக் கை நீளுவதற்கு என்ன பாடுபட்டதென்று அவளுக்குத்தான் தெரியும்.

"ஏன்க்கா, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடி. முதுகு. ஊசி போட்டிருக்கேன். அவ நல்லாத்தான் தேய்க்கிறா, போய்ப் படு."

சுன்யே போய்ப் படுத்தாள். படுத்தவள் முகத்தை மட்டும் பில்லே பக்கம் திருப்பிக்கொண்டு, தேய்த்து முடிகிறவரை அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.