பிறந்த லயத்தில் எப்போது குடியேறினாய்?

2008 மார்ச்சில் தெரணியகலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு விண்ணப்பத்தில் ஒரு வரியைத் திருத்த. என் மறைந்த கணவரின் தங்கை செல்லம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு மே மாதம் நாள் குறித்திருந்தார்கள். அப்போதைய போர்க்காலச் சோதனைச் சாவடிகளை அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண் தாண்டி வருவது நடக்காத காரியம். தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கும் போகாத செல்லம்மா அட்டையே எடுத்ததில்லை. விண்ணப்பித்தபோது கிராம சேவகர் திருப்பி அனுப்பினார்: "1989இல் குடியேறியவர். முன்பு இருந்த இடத்துக்கு ஆதாரம் தேவை."

அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவளுக்கு!

புறக்கோட்டையில் காலை 5.40க்கு பஸ். அவிசாவளைக்கு 82 ரூபாய். வழியில் இரண்டு முறை இறக்கிச் சோதித்தார்கள். அங்கிருந்து தெரணியகலைக்கு 46 ரூபாய், 9.35க்கு இறங்கினேன். மேலே ஏழு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 400 ரூபாய்.

"கொலனிக்காம்மா, லயத்துக்கா?" என்றார் ஓட்டுநர் நசீர்.

"ரெண்டுக்கும் ஒரே பாதைதானே?"

"கொலனி வரைக்கும் தார் ரோட்டும்மா. அதுக்கு மேல உங்க இடுப்பு, என் வண்டி, ஆண்டவன்."

தார் முடியும் இடத்தில் 'குடியேற்றக் கிராமம்' என்ற பலகை. இருபது வருடத்துக்கு முன் காணி கொடுத்துக் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. மேலே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் இன்னொரு பலகை: 'தொழிலாளர் தங்குமிடம்'. நான்கு தலைமுறையாகத் தங்குகிறார்களா? அதென்ன விடுதியா? அவர்கள் குடியமர்த்தப்பட்டவர்கள்; எங்கள் பாட்டன்மார், எந்தப் பத்திரத்தைப் பார்த்தாலும், இந்தியாவிலிருந்து 'கொண்டுவரப்பட்டவர்கள்'. மூட்டையைத்தான் கொண்டுவருவார்கள்.

"89ன்னு ஏன் சொன்ன?" என்று செல்லம்மாவைக் கேட்டேன்.

"எப்ப இங்க வந்தீங்கன்னு கேட்டாரு அண்ணி. மண்சரிவுல கீழ் லயம் போன வருஷந்தானே இந்தக் காம்பராவுக்கு வந்தோம்? பொய்யா சொல்ல முடியும்?"

தோட்டத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை மாறுவதுதான் பெரிய இடப்பெயர்வு. கீழ் லயம் இருந்த இடத்துக்கு நடந்து பார்த்தேன். நூற்றுப்பத்து அடி.

தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கர், "நாளைக்கு வாங்க" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் பிறப்புப் பதிவின் பிரதி வந்தது. தகப்பன் பெயர், கீழ் லயம், ஐந்தாம் காம்பரா, எல்லாம் தெளிவாக.

செல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போனேன். இளைஞர், மரியாதையானவர். பிரதியைப் படித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "அப்படியானால் பெற்றோர் குடியேறிய வருடம்?"

கன்னியர் மடத்தில் படித்த சிங்களம் எனக்குத் துருப்பிடிக்கவில்லை. "மஹத்தயாவின் ஊர்?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

"எம்பிலிப்பிட்டிய."

"இங்கே எத்தனை வருடம்?"

"இரண்டு."

"வாக்காளர் பதிவு?"

"இங்கேதான். நிரந்தர வதிவாளர்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

செல்லம்மாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். தமிழில் என்னிடம் சொல்வதுபோல் அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சார் ரெண்டே வருஷத்துல நிரந்தரமாயிட்டாரு அண்ணி. எனக்கு அறுபத்தெட்டாச்சு, இன்னும் தங்கிக்கிட்டுதான் இருக்கேன்."

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் போலிருக்கிறது. காது சிவந்தது. 1989ஐ அடித்துவிட்டு 'பிறந்தது முதல்' என்று எழுதி முத்திரை வைத்தார்.

"எழுதிட்டாரா அண்ணி?"

அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன். மை காயவில்லை. விரலைத் துடைக்காமலே லயத்துக்கு வந்தாள்.

மே மாதம் அவிசாவளைச் சாவடியில் அட்டையை அவளே நீட்டினாள். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: கிராம சேவகர் அலுவலகத்தில் இருப்பது செவ்வாய்க்கிழமை; பத்து மணிக்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேருங்கள். பிறப்புப் பதிவின் பிரதியை முதலில் வாங்குங்கள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் காம்பரா மாறிய வருடத்தைச் சொல்லாதீர்கள். பிறந்த வருடத்தைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால், கேட்பவருடைய ஊரைக் கேளுங்கள்.