கப்பல் ஜெட்டியில் எடுத்த முதுகுகள்

அந்தமானில் தமிழ்ப் படம் எடுத்த ஆள் நான். "அங்க என்ன இருக்கு, காடும் ஜெயிலும்தானே" என்று மெட்ராஸில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். போர்ட் பிளேரில் பலசரக்குக் கடை வைத்திருந்த நான், எவன் வாசலிலும் போய் நிற்காமல் கடை வருமானத்திலேயே எடுத்தேன். அறுபதுகளின் கடைசி அது.

கேமரா சாவி கொடுத்து ஓட்டுவது. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு மலையாளிதான் கேமராமேன். பிலிம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். எடுத்ததைக் கழுவவும் கப்பலில்தான் அனுப்பவேண்டும். தேறியதா இல்லையா என்பது அடுத்த கப்பல் வந்தால்தான் தெரியும். அப்படி ஒரு படம் எடுத்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. கப்பல் வந்து கட்டும் ஜெட்டியில் கூட்டம் முழுக்க வருகிற கப்பலையே பார்க்கிறது. புருஷன் அதில் வரமாட்டான் என்று தெரிந்த ஒருத்தி மட்டும் திரும்பி நடக்கிறாள். அவளாக நடித்தவள் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு கிளார்க்கின் மனைவி. கிளார்க்குக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. நாங்கள் எடுக்கப்போகும் இந்தக் கப்பல் திரும்பும்போது அவர்களும் போகிறார்கள். என் கையில் ஒரே ஒரு ரோல். அன்றைக்கு விட்டால் படமே இல்லை.

கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. தனக்கென்று யாரும் வராவிட்டாலும் கப்பல் நாளில் ஊரே ஜெட்டிக்குப் போகும். ஆனால் ஷூட்டிங் என்ற செய்தி உள்ளே தள்ளி இருக்கும் சௌல்தாரி கிராமம் வரைக்கும் போய், லாரியில் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, பூ, பவுடர். குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்று கேமராவையே பார்த்தார்கள். "உதர் தேக்கோ, உதர்", அந்தப் பக்கம் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன், திட்டினேன். ஒருவரும் அசையவில்லை.

என் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை பாய் மரக்கட்டை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா கத்துறே? ஜஹாஜ் வரட்டும், கப்பல். அப்புறம் உன்னையும் உன் டப்பாவையும் எவன் பாக்கப் போறான்?"

அந்தப் பெண் அருகில் வந்தாள். "அவங்க திரும்பிடுவாங்கண்ணே. எனக்குத்தான் பயமா இருக்கு. ஜஹாஜ் வர்றப்ப நான் பாக்காம நின்னதே இல்ல."

கப்பல் ஊதியது. அவ்வளவுதான், ஒரு முகம் மிச்சமில்லை. பட்டும் பூவும் எண்ணெய்த் தலையுமாக எல்லாம் முதுகு. கேமரா ஓடியது. அவளும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கூட்டமும் திரும்பும். சாவி தீரப்போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தன்னைக் கொண்டுபோக வருகிற கப்பல் அது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பினாள். எங்களைத் தாண்டி, டெலானிபூர் மேட்டைப் பார்த்து நடந்து வந்தாள். அந்த முகம் நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

மெட்ராஸில் படத்தைப் பார்த்த ஒரு பெரிய மனிதர், இத்தனை பேருக்கும் பட்டு யார் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவரவர் பெட்டியில் இருந்ததுதான், கப்பல் வந்தால் எங்களுக்குத் திருவிழா என்றேன். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை.

சௌல்தாரியில் நாலுமுழ வேட்டிகளைத் தைத்துத் திரை கட்டிப் படத்தைப் போட்டேன். ஜெட்டிக் காட்சியில் ஒருத்தர் முகமும் இல்லை, சண்டைக்கு வருவார்கள் என்று தயாராகவே இருந்தேன். ஆனால் அவரவர் முதுகை அவரவர் கண்டுபிடித்துவிட்டார்கள். வங்காளி, தெலுங்கர், தமிழர் எல்லோரும் எழுந்து திரையைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். என்னோடு வந்திருந்த துணிக்கடை பாய் திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். கப்பலைப் பார்த்துத் தொப்பியை ஆட்டும் ஒரு முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"இது நான்தான்டா. திரும்பப் போடு."

போட்டேன்.