மிலிட்டரி தண்ணி

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. தோலை ஊறவைத்துக் கழுவிய தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்து எழுதவேண்டும். கெமிஸ்ட்ரி படித்தவள். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்படி இருந்தும், என் வீட்டில் குடிக்கிற தண்ணீரைப் பதினாறு வருஷமாக ஒரு தடவைகூட நான் சோதித்துப் பார்க்காமலே இருந்தேன். நன்றாக இருந்தது, குடித்தோம், அவ்வளவுதான்.

கல்யாணமாகி, வேலூர் ஓரத்தில் இருக்கும் இந்தத் தெருவுக்கு வந்த முதல் காலை எனக்கு நினைவிருக்கிறது. வீட்டு போர்வெல் தண்ணீரில் டீ போட்டேன். பாலை ஊற்றியதும் திரிந்துவிட்டது. பால்தான் கெட்டிருக்கும் என்று கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் வாங்கிவரச் சொன்னேன். அதுவும் திரிந்தது. புது இடத்தில் முதல் நாளே இப்படியா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைத்துக்கொடுக்கிறவர். கையில் ஊசியும் நூலும் அப்படியே இருந்தன.

“போர் தண்ணில போட்டியா? இன்னா கண்ணு, உங்க வீட்டுக்காரரு சொல்லலியா? அது பாத்திரம் கழுவத்தான். கொடத்த எடுத்துக்கினு வா, மிலிட்டரி தண்ணி புடிக்கலாம்.”

எங்கள் தெருவுக்கு எதிரே நீளமாக ஒரு சுவர். அதற்குப் பின்னால் ராணுவ நிலம். நாலைந்து குவார்ட்டர்ஸ், சுட்டுப் பழகுவதற்கான ஒரு பழைய மண்மேடு, மற்றபடி வேப்ப மரமும் முள்ளுமாக வெறும் நிலம். உள்ளே ஒரு கிணறு உண்டு. அந்தக் கிணற்றுத் தொட்டியிலிருந்து ஒரு குழாயைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே நீட்டியிருந்தார்கள். எப்போதோ மழை பொய்த்த ஒரு வருஷத்தில், தெருப் பெண்கள் போய்க் கேட்டதற்காக, அப்போதிருந்த ஓர் அதிகாரி போட்டுக்கொடுத்தாராம். அவர் யார், எந்த ஊர் என்று அக்காவுக்கே தெரியாது. எழுத்தில் எதுவும் இல்லை. காலையில் ஆறு மணிக்குக் காவலில் இருக்கும் ஜவான் வால்வைத் திறப்பார், ஏழு மணிக்கு மூடுவார். அதுதான் ஏற்பாடு.

ஜவான்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். யாருக்கும் தமிழ் வராது. முதல் வாரத்தில் ‘தண்ணி’, இரண்டாம் வாரத்தில் ‘போதும்’, அப்புறம் அக்காவிடம் சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொள்வார்கள். நான் நிறைமாதமாக இருந்தபோது, மலைநாட்டுக்காரர் ஒருவர் காவலுக்கு இருந்தார். குடத்தை இடுப்பில் தூக்கிவைக்கக் குனிந்தேன். அவர் கேட்டைத் தாண்டி வந்து, “தீதீ, நை, நை” என்று, அக்கா வேண்டாம் என்பதை இந்தியில் சொல்லிக் குடத்தை வாங்கி, ரோட்டைக் கடந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாளும் அப்படியே. என் மகள் பிறக்கும்வரை மூன்று வாரம் அவர்தான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைத்து வெளியே வந்தபோது அவருக்கு மாற்றல் ஆகியிருந்தது. இன்றைக்கும் அவரை நினைத்தால் நன்றி சொல்லாமல் விட்டது உறுத்துகிறது.

அந்த ராணுவ நிலத்தை மாநில அரசுக்கு மாற்றிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தது. அகலமான ரோடு, வணிக வளாகம், வண்டி நிறுத்துமிடம், அடுக்குமாடி என்று பேப்பரில் போட்டிருந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. காலையில் நடைபோகிறவர்கள் மரங்களை நினைத்துக் கவலைப்பட்டார்கள். போலீஸ், ராணுவ செலக்‌ஷனுக்கு அங்கே ஓடிப் பழகும் ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கத்துப் பிள்ளைகள் இனி எங்கே ஓடுவது என்று கேட்டார்கள். நாட்டுக்காக விட்ட நிலத்தைக் கடைகட்ட எப்படித் தரலாம் என்று சிலர் கோபப்பட்டார்கள்.

என் கணவர் எலக்ட்ரீஷியன். அவருக்குச் சந்தோஷம்தான். “அவ்ளோ பெரிய எடம் சும்மா கெடக்குது. காம்ப்ளெக்ஸ் வந்தா வயரிங் வேல வரும். நானும் சத்துவாச்சாரி, காட்பாடின்னு அலைய வேணாம், வீட்டுக்கு எதுத்தாப்லயே வேல” என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். நிலமாற்றத்தைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுகிறார்களாம்.

“நீ வந்து பேசணும்” என்றார்.

“நான் இன்னா பேசறது அக்கா? நம்ம எடமா அது? கொழாயே அவங்க பாத்து போட்டது.”

“அதான் சொல்றேன். கேக்கறதுக்கு நமக்கு ஒரு காயிதம் கெடையாது. நான் போய் தண்ணி நல்லாருக்குன்னு சொன்னா, எல்லா தண்ணியும் நல்லாத்தாம்மா இருக்குதுன்னு அனுப்பிடுவாங்க. நீ உப்ப அளக்கறவதானே? அளந்து சொல்லு.”

எனக்குத் தயக்கம் அங்கேதான். போர் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று கேட்டால், பழைய காலத்தில் தோல் தொழிற்சாலைகள் விட்ட கழிவை நான்தான் சொல்லவேண்டிவரும். நான் சம்பளம் வாங்குவதோ அதே தொழிலில். என் அப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் நின்றுதான் என்னைப் படிக்கவைத்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, லேபில் எனக்கு மேலே இருக்கும் சாரிடம் போய் நின்றேன். அதிகம் பேசாதவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“கம்பெனி பேர எழுதாதம்மா. யார் மேல தப்புன்னும் எழுதாத, அது உன் வேல இல்ல. அளவ மட்டும் எழுது. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாரு” என்றார். பிறகு அவரே எழுந்து, கையில் எடுத்துப்போகும் சின்ன மீட்டரைச் சரிபார்த்து என் பையில் வைத்தார். “திங்கக்கெழம கொண்டாந்து வச்சிடு.”

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் ஒருவேளை நிம்மதியாகத் திரும்பிவந்திருப்பேன்.

தெருவில் ஆறு வீட்டு போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீரையும் கிணற்றிலிருந்தே எடுக்கவேண்டும் என்று தோன்றியது. கேட்டில் போய்க் கேட்டேன். ஜவான் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் வரச் சொன்னார்கள். அடுத்த நாள் போனபோது, அங்கே பொறுப்பில் இருந்த சுபேதார் வாசலிலேயே நின்றிருந்தார். கேரளாக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். அவர்தான் என்னை உள்ளே அழைத்துப்போனார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சுவருக்கு உள்ளே போகிறேன்.

கிணறு நான் நினைத்ததைவிடப் பெரியது. கற்படி இறங்கியது. நான் குனிந்து தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தபோது, சுபேதார் பக்கத்தில் ஒரு வாய்க்காலைக் காட்டினார். நிலம் முழுவதும் அந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது. மேட்டில் பெய்கிற மழை இரண்டு மண் வாய்க்காலில் ஓடிவந்து, கிணற்றுக்கு மேல்புறம் ஒரு பள்ளத்தில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும்.

“வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி நாங்க இதைத் தூர் வாருறோம்” என்றார். “எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனார். அவருக்கு இன்னொருத்தர் சொல்லியிருப்பார். கிணத்தை மட்டும் காப்பாத்திப் பிரயோஜனம் இல்லை. இந்தச் சரிவுல சிமெண்ட் போட்டாங்கன்னா ரெண்டு வருஷத்துல கிணறு உங்க போர் மாதிரி ஆயிடும்.”

நான் கேட்க நினைத்திருந்தது குழாயை எடுக்காதீர்கள் என்பதுதான். கேட்கவேண்டியது அது இல்லை என்பது அங்கே நின்றபோது புரிந்தது. அந்தக் கிணறு தானாக நன்றாக இருக்கவில்லை. எங்களுக்குத் தெரியாமல் வருஷம் தவறாமல் யாரோ மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள்.

அந்த மீட்டரால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பு எங்கள் தெரு போர்களில் இருந்ததில் பாதிகூட இல்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஓர் அதிகாரி அம்மா, அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். ஒரு வியாபாரி, டிராஃபிக் தாங்கவில்லை, ரோடு வந்தே ஆகவேண்டும் என்றார். ஓய்வு பெற்ற ஒருவர் மரங்களைப் பற்றி நிதானமாகப் பேசினார். என் முறை வந்தபோது தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா பின்னாலிருந்து என் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினார்.

நான் அளவுகளைப் படித்தேன். சரிவையும் வாய்க்காலையும் சொன்னேன்.

அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். “காவிரித் தண்ணீர் இணைப்பு உங்க தெருவுக்கும் வரும். கிணத்தையும் விட்டுடலாம். அப்புறம் என்னம்மா பிரச்சினை?”

“வரட்டும் மேடம், வந்தா சந்தோஷம். ஆனா கிணத்த மட்டும் விட்டா போதாது. மேட்டுலேந்து தண்ணி வர்ற நெலத்தையும் விடணும்.”

“எவ்வளவு நிலம்? எந்தப் பக்கம்? வரைபடத்துல காட்டுங்க.”

மேசைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வடக்கு எது, தெற்கு எது என்றே தெரியவில்லை. நான் அந்த இடத்தை ஒரே ஒரு தடவை நடந்து பார்த்தவள். விரலை எங்கே வைப்பது என்று நின்றுவிட்டேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து என் கணவர் எழுந்து வந்தார். அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, “மேடம், நான் வயரிங் வேலை செய்யறவன். பிளான் பாக்கத் தெரியும்” என்றார். என் தாளைத் திருப்பிப்போட்டு, சுவர், கேட், எங்கள் தெரு, மேடு, கிணறு என்று வரிசையாக வரைந்தார். நான் வீட்டில் சாப்பிடும்போது சொன்னதை எல்லாம் கேட்காததுபோலக் கேட்டிருக்கிறார். “ரோடு இந்தப் பக்கம் வந்தா ஒண்ணும் ஆகாது. காம்ப்ளெக்ஸும் ஹைவே ஓரமாவே கட்டிக்கலாம். எனக்கும் அங்க வேல வேணும் மேடம். இந்தச் சரிவ மட்டும் உட்டுட்டா போதும்.”

அதிகாரி அம்மா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. “சர்வேயரை அனுப்பிப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா என் கணவரிடம், “நீ அந்தக் கட்சின்னு நெனச்சேனே” என்றார். “நான் எந்தக் கட்சியும் இல்லக்கா. டீ குடிக்கிற கட்சி” என்றார் அவர்.

சர்வேயர் வந்தார். இரண்டு தடவை வந்தார். அப்புறம் பல மாதம் எந்தத் தகவலும் இல்லை. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தோம். கடைசியில் வந்த திட்டத்தில் கிணறும் அதைச் சுற்றிய சரிவும் திறந்தவெளி என்று குறிக்கப்பட்டு ஊர் நிர்வாகத்திடம் வந்தது. எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ரோட்டோரம் நின்ற வேப்ப மரங்களை வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஓடுகிற இடம் பாதியாகிவிட்டது. மரங்களைப் பற்றிப் பேசிய அந்தப் பெரியவரை வழியில் பார்த்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர் கேட்டதும் நியாயமானதுதானே.

நிலத்தை ஒப்படைத்த நாளில் சுபேதார் எங்கள் தெருவுக்கு வந்தார். அக்கா அவருக்கும் ஜவான்களுக்கும் டீ போட்டுக் கொடுத்தார். தெருப் பெண்கள் எல்லாரும் நின்றோம். அக்காதான் சொன்னார்: “எங்க பசங்க எல்லாம் உங்க தண்ணிய குடிச்சி வளந்தவங்க சார். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் சேத்து சொல்றோம். ரொம்ப நன்றி.” “வாய்க்காலை மறந்துடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு சுபேதார் டம்ளரைக் கீழே வைத்தார்.

மறக்கவில்லை. இந்த வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, தொழுகை முடிந்து, கோயிலுக்குப் போய்விட்டு என்று அவரவர் சௌகரியப்படி வந்து சேர்ந்தார்கள். இருபது பேராவது இருப்போம். யாருக்கும் தூர் வாரிப் பழக்கமில்லை. மதியத்துக்குள் எனக்கு உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. என் மகள் முட்டியளவு சேற்றில் நின்றுகொண்டு, இதைத் தினமும் செய்யவேண்டுமா என்று கேட்டாள். வருஷத்துக்கு ஒருதடவை என்றேன். “அப்ப பரவால்ல” என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்து எனக்குப் பின்னால் இருந்தவரிடம் நீட்டினாள்.