எதிரணி கொடுத்த ஸ்டெப்னி

வலித் தைலமும் நனைந்த சாக்ஸும் கலந்த ஒரு வாசனை... கண்ணாடியை ஏற்றிவிட்ட சின்ன காருக்குள் ஏழு பேர் உட்கார்ந்தால்தான் அது வரும்.

ஏழு பேர் என்றா சொன்னேன்? கோல்கீப்பரின் காலில் கட்டும் பேடையும் சேர்த்தால் எட்டு. அது என் மடியில் இருந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். நாகலாபுரத்தில் செவன்ஸ் ஹாக்கி, அணிக்கு ஏழே பேர். கோவில்பட்டியிலிருந்து நாங்கள் செமிஃபைனலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரணி பசுவந்தனை. பத்து மணிக்கு மைதானத்தில் நிற்காவிட்டால் ஆடாமலேயே தோற்றதாக அறிவித்துவிடுவார்கள். அதுவரை நாங்கள் எந்த ஃபைனலையும் பார்த்ததில்லை... வெளியே நின்று கைதட்டியதை எல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கார், எங்கள் கோல்கீப்பர் செல்வத்தின் அண்ணனுடையது. ஓட்டியது செல்வம்.

மழை பெய்தால் கரிசல் பாதையில் சக்கரத்தடம் பள்ளமாகிவிடும், நடுமேடு காரின் வயிற்றைத் தட்டும். அதற்காக எங்கள் பக்கம் பலர் செய்கிற வேலையை அண்ணனும் செய்திருந்தார். சின்ன காருக்கு வேன் டயர். ரிம் அதேதான், அகலமும் அதேதான். 145/70 என்று இருக்கவேண்டிய இடத்தில் 145/80. அந்த இரண்டாவது எண் கூடினால் டயர் உயரும், காரும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும்.

நான்கு டயரையும் மாற்றிய மனிதர், டிக்கியில் கிடந்த ஐந்தாவதைச் சுத்தமாக மறந்துபோனார்.

நாகலாபுரம் நெருங்கும்போது முன்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டினோம். கார் இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஏலே, வண்டி நொண்டுதே" என்றேன்.

"நீ வலதுபக்கமா நவுந்து உக்காரு, சரியாப் போயிரும்" என்றான் செல்வம்.

அடுத்துப் பாலம் வேலை. மண்பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை, காலையில் தூறல் வேறு. கொஞ்ச தூரம்தான் போனோம். அந்தச் சின்ன டயர் பள்ளத்தில் இறங்கியதும், கார் நடுமேட்டில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. சக்கரம் சுற்றுகிறது, கார் அசையவில்லை. இறங்கித் தள்ளினோம். கரிசல் ஷூவில் அப்பி அப்பி ஆளுக்கு ஒரு சாண் வளர்ந்ததுதான் மிச்சம்.

செல்வம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து மணிக்கு அதிக நேரமில்லை.

அப்போதுதான் பின்னால் ஒரு வேன் வந்தது...

பசுவந்தனைக்காரர்கள்.

ஓரமாக ஒதுங்கிப் போக இடம் இருந்தது. போயிருந்தால் போதும், அவர்கள் ஃபைனலில். ஆனால் வேன் நின்றது. அவர்களுடைய கேப்டன் கருப்பசாமி இறங்கிவந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்து, மண்ணை வழித்துவிட்டு, டயரில் இருந்த எண்ணைப் படித்தான்.

"மூணும் நம்ம வேன் டயருல்லா... இது மட்டும் ஏன் சின்னதாக் கெடக்கு?"

"எங்க அண்ணன் ஸ்டெப்னிய மாத்த மறந்துட்டான்" என்றான் செல்வம்.

கருப்பசாமி வேனைப் பார்த்துத் திரும்பினான். "ஏலே, நம்ம ஸ்டெப்னிய இறக்குங்க."

வேனுக்குள்ளிருந்து ஒருத்தன் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, நாம சும்மா போனாலே ஃபைனலுண்ணே."

"ஆடாம ஜெயிச்சிட்டு ஊர்ல போயி என்னத்தல சொல்லுவ? இறக்கு."

பதினாலு பேரும் சேர்ந்து காரை அலாக்காகத் தூக்கி மேட்டில் வைத்தோம். "நீங்க மாட்டிட்டு வாங்க. நாங்க முன்னால போயி சொல்லிருதோம்" என்று கிளம்பிவிட்டார்கள். எதிரணியின் டயர் எங்கள் காரில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

மைதானத்தில் நடந்ததை அங்கே நின்றவர்கள் பிறகு சொல்லித்தான் கேட்டோம். மணி பத்து. அம்பயர் விசிலை வாயில் வைத்துவிட்டாராம். கருப்பசாமி ஓடிப்போய்க் கையைப் பிடித்தானாம்.

"சார், கொஞ்சம் பொறுங்க. அவிய எங்க ஸ்டெப்னியிலதான் வந்துக்கிட்டு இருக்காவ."

அம்பயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு எப்படி விசில் ஊதுவது?

சரள் கொட்டிய மைதானம், தண்ணீர் நிற்கவில்லை. ஆட்டம் அனல் பறந்தது. கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டோம். துள்ளிக் குதிக்கவும் முடியவில்லை, குதிக்காமல் இருக்கவும் முடியவில்லை. முதலில் வந்து கை கொடுத்தவன் கருப்பசாமிதான். முகம் செத்துப்போயிருந்தது, இருந்தும் கையை இறுக்கமாகப் பிடித்தான்.

டயரைக் கழற்றித் தரப் போனேன். "விடுல. ஃபைனல் முடிஞ்சி எதுல வீட்டுக்குப் போவீங்க?" என்றான்.

எங்களுக்காகவே சாயங்காலம் வரை இருந்தார்கள். ஃபைனலில் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதும் அவர்களே. நாங்கள் ஐந்து கோல் வாங்கினோம். "ஏலே செல்வம், பேட தூக்கிக் குறுக்கப் போட்டாக் கூட ரெண்டு கோல் நின்னுருக்குமே" என்று திட்டியதும் அவர்களே. தோற்றுவிட்டு அப்படிச் சிரித்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். எட்டயபுரம் வந்து எங்கள் டயருக்குப் பஞ்சர் ஒட்டி, அவர்கள் டயரைக் கழற்றிக் கொடுத்து, டீ குடித்துப் பிரிந்தோம்.

இப்போது எனக்கே கார் இருக்கிறது. வாங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு டயரும் ஒரே சைஸா?" ஷோரூம் தம்பி சிரித்தான். "சார், இப்ப ஸ்டெப்னி ஒல்லியாத்தான் வரும். மெதுவாத்தான் போகணும். இல்லன்னா போன் பண்ணுங்க, ஆள் வரும்." உண்மைதான். ஒருமுறை போன் செய்தேன், வந்தார்கள், மாட்டினார்கள், போய்விட்டார்கள். வந்த தம்பியின் பேரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் கோவில்பட்டி போயிருந்தேன். செல்வம் வீட்டில் டீ குடிக்கும்போது, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏலே, அன்னைக்கு அவிய மாட்டிக்கிட்டு நாம வேன்ல வந்திருந்தா... நிறுத்தியிருப்போமா?"

டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்பம் தெரியலல... இப்பம்னா நிறுத்துவோம்."