மகளுக்குப் பதிலாக

சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழு பேருடைய மனக்குறையைக் கேட்டுவிட்டு வருகிற சுதர்சினி, தன் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் செய்வது ரேடியோவைப் போடுவதுதான். செய்தியோ, விளம்பரமோ, மரண அறிவித்தலோ, எதுவானாலும் சரி. அந்த நாலு சுவருக்குள் இன்னொரு மனிதக் குரல் இருந்தால்தான் அவளுக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

வயது ஐம்பத்திரண்டு. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் படிப்பித்தவள். கணவனை மாரடைப்புக்குப் பறிகொடுத்தவள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். கண்டி நகரத்தில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் சிறிய தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் பேச்சு முறிந்து போனவர்களைக் கூட்டிவைத்துக் குழு அமர்வு நடத்துவது அங்கே அவள் வேலை. கூட்டத்தில் வாய் வராதவர்கள் வார நாளில் தனியே வந்து பேசுவார்கள். அதைக் கோச்சிங் என்பார்கள்.

அமர்வைத் தொடங்கும் முறைக்கு அவளே பெயர் வைத்திருந்தாள்: பெரட்டு. காலையில் வேலைக்கு அனுப்பும் முன் தோட்டத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதேதான். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒருத்தி மேட்டில் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் கணக்கப்பிள்ளை அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு, "வந்துட்டாங்கய்யா!" என்று குரல் கொடுப்பாள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சுதர்சினியின் பெரட்டில் அது மட்டும் கூடாது. யாருக்குப் பதிலாகவும் யாரும் வாய் திறக்கக் கூடாது. வட்டமாகப் போட்ட கதிரைகளில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரே ஒரு வசனம். 'நான்' என்று தொடங்க வேண்டும். தான் செய்ததையோ செய்யாமல் விட்டதையோ சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் 'சரி' என்ற பிறகுதான் அடுத்தவருக்கு முறை.

கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். அலவத்துகொடயிலிருந்து வந்த ஆட்டோக்காரர் அஸீமுக்கு அது மலையாக இருந்தது. முதல் நாளே மனைவி றம்லத்தின் முறை வந்தபோது, "இவ பேசமாட்டா மிஸ், நான் செல்றேன்" என்றார்.

"நான் பேசமாட்டேன்டு உங்களுக்கு யார் சென்ன?" என்று றம்லத் கேட்டாள். "இருவது வருசமா வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு, தொறப்பு தொலைஞ்சிட்டாம்!"

வட்டம் முழுக்கச் சிரித்தது. அஸீமும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்குச் சுதர்சினியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அவள் அழுததை அந்த வட்டம் அறியாது.

ஏனென்றால், அவளுடைய ஒரே மகள் கிருஷாந்தியின் வாய்க்குப் பூட்டுப் போட்டவள் அவள்தான்.

நாலு வருஷத்துக்கு முந்தி அது நடந்தது. கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காலையிலிருந்தே கிருஷாந்தி அம்மாவின் பின்னாலும் முன்னாலும் நடந்தாள். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் சுதர்சினி வடை மாவில் கையை வைத்துக்கொண்டு, "சொல்லு சொல்லு, காது இங்கதான் இருக்கு" என்றாளே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு முன்னறையில் மாப்பிள்ளையின் தாய், "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டபோது, கிருஷாந்தி உதட்டைப் பிரிப்பதற்குள் சுதர்சினியின் குரல் முந்திக்கொண்டது.

"அவளுக்குப் பூரண சம்மதம்!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகள் கொழும்புக்குப் போய்விட்டாள். கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. தீபாவளிக்கு ஒரு டெலிபோன் கோல் வரும். சுதர்சினி அதை எடுத்த கையோடு, "உன் நல்லதுக்குத்தானேம்மா" என்று தொடங்கி மூச்சு விடாமல் பேசுவாள். இரண்டாவது நிமிஷம் அந்தப் பக்கம் வெறும் நிசப்தமாக இருக்கும். ஊருக்கெல்லாம் கேட்கப் பழக்கியவள், பெற்ற பிள்ளையின் குரலை வருஷத்துக்கு இரண்டு நிமிஷம்கூடக் கேட்டதில்லை.

அந்த மகளிடமிருந்துதான் வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 'ஜப்பானில் வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை கிடைச்சிருக்கு. என் பிறப்புப் பத்திரம் உங்ககிட்ட இருக்கு. ஞாயிறு பதினொன்றரைக்கு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில வாங்கிக்கிறேன். பன்னிரண்டு மணி பஸ்ல கொழும்புக்குத் திரும்பணும்.'

அரை மணித்தியாலம். கடல் தாண்டும் முன் அந்தத் தாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதையும் பேசியே தீர்த்துவிட்டால்? இவள் வாயைத் திறக்க, அவள் காதை மூட, பஸ் கிளம்பிவிட்டால்? அலுமாரியிலிருந்து எடுத்த பத்திரத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சுதர்சினி கண் மூடாமல் கிடந்தாள்.

மறுநாள் பெரட்டு வழக்கம்போலத் தொடங்கியது. வட்டம் சுற்றி முடிந்தது. அஸீம்கூட, "நான் இந்தக் கிழமை முழுக்க மகன் பேசி முடியுமட்டும் வாயைத் தொறக்கல்ல" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். அப்போது றம்லத் கேட்டாள்.

"நாங்க எல்லாரும் செல்லியாச்சி. மிஸ் மட்டும் ஒரு நாளும் செல்லல்லயே?"

"நான் நடத்துறவ தானே றம்லத்."

"கணக்கப்பிள்ளைக்குப் பெரட்டு இல்லையாக்கும்!" என்று கேலி செய்தார் ராஜரத்தினம். முப்பது வருஷம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர் அவர்.

ஓட இடமில்லை. சுதர்சினி கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் மகள் நாலு வருஷமா என்மேல கோவமா இருக்கா."

"அது மக வசனம் மிஸ்" என்றார் ராஜரத்தினம். "உங்க வசனத்தச் சொல்லுங்க. 'நான்'னு ஆரம்பிங்க."

"நான்... நான் அவளோட நல்லதத்தான் நெனச்சேன்."

"நெனச்சத உடுங்க. செஞ்சது என்ன?" றம்லத்தின் குரலில் இப்போது கேலி இல்லை.

கீழே தெருவில் யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சுதர்சினிக்கு அது எங்கோ வேறு உலகத்தில் கேட்டது.

"நான் என் மகளைக் கேக்காம, அவளுக்குப் பதிலா சம்மதம் சொன்னேன்."

றம்லத் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நீங்க ஒங்கட மகளைக் கேக்காம, அவளுக்குப் பதிலா சம்மதம் சென்னீங்க. சரியா மிஸ்?"

தன் பாவத்தை அடுத்தவர் வாயால் கேட்பது என்ன கொடுமை! எத்தனை பேருக்கு அந்தக் கொடுமையை அவள் வாராவாரம் பழக்கமாக்கியிருந்தாள்!

"சரி" என்றாள். பார்வதி என்ற பெண் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே சுதர்சினி ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஒவ்வொன்றிலும் எவளோ ஒருத்தியின் மகள் இறங்கினாள். பதினொன்று நாற்பதுக்குத்தான் கிருஷாந்தி வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பத்திரத்தை வாங்கி, உறையைத் திறந்து பார்த்து, பையில் வைத்தாள்.

"சரிம்மா. அப்போ..."

இருபது நிமிஷமே மிச்சம். சுதர்சினியின் தொண்டை வரை ஆயிரம் வார்த்தை வந்து முட்டியது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அன்னைக்கு நீ மூணு தரம் ஒண்ணு சொல்ல வந்த. அது என்னம்மா?"

கிருஷாந்தி தாயை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சிமெந்துத் திண்டில் அமர்ந்தாள். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு போயிற்று. தாய் பேசவில்லை.

"மாப்பிள்ளை வேணாம்னு சொல்ல வரலம்மா" என்றாள் மகள் கடைசியில். "ஆறு மாசம் தாங்கன்னு கேக்க வந்தேன். டிப்ளோமாவ முடிச்சிட்டு அவங்க சொல்ற தேதியில கட்டிக்கிறேன்னு. அவ்வளவுதான்."

ஆறு மாசம்! ஆறு மாசத்தைக் கொடுக்காமல் நாலு வருஷத்தைத் தொலைத்திருக்கிறாள். 'அதை அன்னைக்கே கத்திச் சொல்லியிருக்கக் கூடாதாடி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுதர்சினி நாக்கைக் கடித்தாள். உப்புக் கரித்தது.

"நீ ஆறு மாசம் கேக்க வந்த. மூணு தரம் வந்த. நான் திரும்பிக்கூடப் பாக்கல. நான் முந்திக்கிட்டுப் பதில் சொன்னேன்." குரல் உடைந்தது. "சரியா?"

கிருஷாந்தியின் முகம் சிறுபிள்ளையின் முகம்போல் கோணிற்று. "சரி" என்றாள்.

பன்னிரண்டு மணியாயிற்று. கண்டக்டர் "கொழும்பு, கொழும்பு" என்று கத்தத் தொடங்கினார். தாயைக் கட்டிப்பிடிக்காமல், கையையும் தொடாமல் மகள் எழுந்தாள். மிதிபலகையில் ஏறியபின் திரும்பினாள்.

"இன்னும் நிறைய இருக்கும்மா. போய்க் கோல் எடுத்துச் சொல்றேன். கேப்பீங்களா?"

சுதர்சினி தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் திரும்பி மறைந்தது. ஸ்டாண்டில் இத்தனை சனத்துக்கு நடுவே அவள் தனியே நின்றாள்.

அறைக்கு வந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள். ரேடியோவை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்துவிட்டு, அந்த வெறும் அமைதியில், கதிரையை அதன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.