மாலை போட்டா மாத்திரைய எங்க வைப்பீங்க?

மெஹர் டாக்டர் போயிட்டாங்க.

ஸ்ட்ரோக்காம். காலையில அவங்க மக வாட்ஸ்அப்ல போட்டிருந்தா. திரும்பத் திரும்பப் படிச்சும் மனசு ஏத்துக்க மாட்டேங்கு... ஸ்ட்ரோக்க தடுக்கத்தான அந்த மனுஷி ஆயுசுல பாதிய செலவழிச்சாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். தொண்ணூறுகள்ல பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில நாங்க ஒண்ணா வேலை பாத்தோம். அவங்க டாக்டர், மேலப்பாளையத்துக்காரங்க. நான் அங்க ஆராய்ச்சிப் பிரிவுல, வீடு வீடாப் போயி நோயாளிகள விசாரிச்சிட்டு வார ஆளு.

ஒரு தடவ ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ரெண்டாவது வராம தடுக்கணும். அதுக்கு ரெண்டு மாத்திரையில எது நல்லது? இதுதான் ஆராய்ச்சி.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களா?"ன்னு நான் கேப்பேன். எல்லாரும் "ஆமாம்மா"ம்பாங்க. ஆனாலும் ஆட்கள் மறுபடி கை கால் விழுந்து வந்துக்கிட்டே இருந்தாங்க.

ரெண்டு மாத்திரையும் லாயக்கில்ல, வேற மருந்து பாப்போம்னு பெரிய டாக்டர் மீட்டிங்ல முடிவா சொல்லிட்டாரு.

மெஹர் டாக்டர் சீனி போடாத டீய கீழ வச்சாங்க. "மருந்து வேலை செய்யலையா, இல்ல மருந்து வாய்க்குள்ளயே போகலையா சார்? நாம எதைக் கேக்கோம்?"

"அதான் எல்லாரும் சாப்பிடுதேன்னு சொல்லியிருக்காங்களே."

"நாம கேட்ட கேள்விக்கு வேற என்ன சொல்லுவாங்க? ஒழுங்கா படிக்கியான்னு கேட்டா எந்தப் பிள்ள இல்லன்னு சொல்லும்?"

அவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. மாத்திரைய முழுங்காதது நோயாளி தப்பு, அதெல்லாம் ஆராய்ச்சி ஆகாதுன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

வெளிய வந்ததும் மெஹர் டாக்டர் என்கிட்ட பொரிஞ்சு தள்ளுனாங்க. "ஏளா செண்பகம், எங்க உம்மா நோன்பு மாசம் பூரா மாத்திரைய தொட மாட்டாங்க. ஆனா கேட்டா, ஒரு நாளும் விட்டதில்லம்பாங்க. அது பொய்யில்ல ளா. நோன்பு நாள அவங்க அந்தக் கணக்குலயே சேக்கல. நீயே பாரு, நம்ம வார்டு எப்பல்லாம் நெறயுது? நோன்பு சமயத்துல... பெறவு தசரா சமயத்துல."

தசரான்னதும் எங்கப்பா விஷயத்த அங்கனயே அவங்ககிட்ட சொன்னேன்.

அப்பாவுக்கு முந்துன தையிலதான் லேசா ஒரு ஸ்ட்ரோக் வந்துச்சு. டவுண் ரத வீதியில ஜவுளிக்கடையில வேலை. துணி அளந்துக்கிட்டு இருக்கும்போதே இடது கையில இருந்த அளவுகோல் நழுவிருச்சு, வாய் கோணிருச்சு. எப்படியோ தேறி வந்துட்டாங்க. அப்போ புரட்டாசி. குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்ட மாலை போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோட விரதத்துல இருந்தாங்க.

அன்னைக்கு சாயங்காலமே என்ன மொபெட்டுல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க டாக்டர். தலையில முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, செருப்ப வாசலுக்கு வெளியவே கழத்திப் போட்டுட்டு, நடையில உக்காந்தாங்க. சாப்பிடுதீங்களான்னு கேக்கவே இல்ல.

"அண்ணாச்சி, மாலை போட்டா மாத்திரைய எங்க வைப்பீங்க?"

அப்பா கொஞ்சங்கூட யோசிக்கல. "அம்மன் காலடியிலதான். மாலைய கழத்துன பெறவு எடுத்துக்கிடுவேன். ஆத்தா பாத்துக்கிடுவா டாக்டரம்மா."

எங்கம்மா "அடப்பாவி மனுஷா"ன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டா.

டாக்டர் திட்டுவாங்கன்னு நெனச்சேன். சின்ன விஷயத்துக்கே சள்ளுன்னு விழுவாங்க. ஆனா அன்னைக்கு பதமாக் கேட்டாங்க. "அந்த ஒரு வேளைச் சோத்தோட, அங்கன வச்ச மாத்திரையையும் எடுத்துப் போட்டா விரதம் கெட்டுருமா அண்ணாச்சி?"

அப்பா திரும்பி அம்மன் படத்தப் பாத்தாங்க. பெறவு, "அவ காலடியில இருந்துதான எடுக்கேன்... கெடாது"ன்னாங்க. அப்பவே இலை போடச் சொல்லிட்டாங்க.

அந்த வருஷம் குலசை கடற்கரையில அப்பா ஆடுனாங்க. மெஹர் டாக்டரும் வந்திருந்தாங்க, கூட்டத்துல ஓரமா நின்னு பாத்தாங்க. எல்லாரும் காளியப் பாத்துக் கும்புடுதாங்க, இவங்க என் கையப் புடிச்சு இழுத்து, "ஏளா, அந்த இடது கையப் பாரு, வலது கை உசரத்துக்குத் தூக்குதாங்க"ன்னாங்க. கண்ணெல்லாம் தண்ணி.

பெறவு ஒவ்வொரு வீட்டுலயும் அந்தக் கேள்விதான் கேட்டோம். எங்க வைப்பீங்க, மாலை போட்டா என்ன, நோன்புன்னா என்ன. சட்டுச் சட்டுன்னு உண்மை வந்துச்சு.

பெரிய டாக்டரும் எறங்கி வந்தாரு. மருந்த மாத்துற பேச்ச விட்டுட்டு, நோன்பு, விரத நாள்ல சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திரைய மாத்திக் குடுத்தா ரெண்டாவது ஸ்ட்ரோக் குறையுமான்னு புதுசா ஆரம்பிச்சோம். குறைஞ்சுச்சு... எத்தனையோ வீட்டுல ஆம்பளையும் பொம்பளையும் எந்திரிச்சு நடமாடுனாங்க. அதுல எங்க வீடும் ஒண்ணு.

அப்பாவுக்கு இப்போ எண்பதுக்கு மேல ஆச்சு. காலையில விஷயத்தச் சொன்னேன். கட்டில்ல எந்திரிச்சு உக்காந்தாங்க. பெறவு கேட்டாங்க.

"அவுகளுக்கு என்ன சீக்காம்?"

ஸ்ட்ரோக்குப்பான்னேன். ரொம்ப நாளா பிபி இருந்துச்சாம், அவங்க மக சொல்லுதா.

"நம்மகிட்ட வந்து கேட்டாவ... அவுககிட்ட யாரு போயி கேட்டா?"

நான் அவங்க மக போட்டிருந்தத மறுபடி தொறந்து பாத்தேன்.

மதியம் அப்பா இலை ஓரத்துல மாத்திரைய வச்சிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சோறு ஆறிப்போச்சு. பெறவு எடுத்து வாயில போட்டு, ஒரு மடக்கு தண்ணி குடிச்சாங்க.

போயிட்டு வாங்க டாக்டரம்மா.