கிள்ளாத இடத்தில் நீலம்

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் அறையில் அவளுக்கு டம்ளர் அக்கா என்றே பேர். ஒவ்வொரு பிள்ளையையும் தொடுமுன் வெந்நீர் டம்ளரை இரு கைகளாலும் பொத்திக்கொள்வாள். சில்லென்ற கை பட்டால் பச்சைப்பிள்ளைக்கு உலகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. இன்னொரு பிடிவாதம், பொட்டுத் துணியில்லாமல்தான் தராசில் போடுவாள்.

"சட்டையோட போட்டு நூறு கிராம் கழிச்சா ஆகாதாக்கா? வரிசை வாசலைத் தாண்டிடுச்சு," என்பான் ஊசி போடும் தம்பி.

"உன்னைன்னா கழிக்கலாம்டா. வாய் மட்டுமே ரெண்டு கிலோ."

அன்று வந்தது நான்கு மாதப் பெண் குழந்தை. முதுகில் மூன்று, வயிற்றோரம் இரண்டு என்று நீலத் திட்டுகள். அம்மாவின் முகம் சிறுத்தது.

"மூத்தவ வேலைக்கா. கிள்ளி வைக்கிறா. நேத்துகூட அவளுக்கு ரெண்டு அடி வச்சேன்."

பின்னால் நின்ற ஐந்து வயதுக்காரி தரையைப் பார்த்தாள்.

"சாயமா இருக்கும். அக்காவுக்குத்தான் ராசியாச்சே," என்றான் தம்பி. புதுச்சட்டைச் சாயத்தைப் பார்த்து ஒரு தாயை அவள் அலறவிட்ட கதை அவனுக்கு இன்னும் இனிக்கிறது.

ஈரப்பஞ்சால் துடைத்தாள். போகவில்லை. விரலால் நீவினாள். கன்றிய இடம் இப்படி நழுவாது. இது தோலுக்கடியில் பட்டாணிபோல் உருண்டது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை. நீவிய இடம் வெளிறி, சுற்றிலும் சிவப்பு வளையம் கட்டியது. டம்ளர் ஆறிப்போன பிறகும் வளையம் மாறவில்லை. தம்பி வரிசையை நிறுத்தினான்.

"இது கிள்ளினது இல்லம்மா."

"பின்னே என்னக்கா?"

"பேர் சொல்ல எனக்குத் தெரியாது. டாக்டர் பார்க்கணும். இப்பவே."

"பாப்பாவோட அப்பா வரட்டுமே, நாளைக்கு..."

"அவர் டாக்டர்கிட்டயே வந்து சேரட்டும்."

இந்த முறையும் சாயக் கதையாகிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஆகவில்லை. சிறுநீரகத்துக்கு மேலே முளைத்த புற்றுநோய், தோல்வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே பிடிபட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' அக்காவை எட்டு மாதம் சரியாகச் சாப்பிட விடவில்லை.

அதற்கடுத்த மாதம் வந்தார்கள். மூத்தவளே தங்கையின் பொத்தான்களைக் கழற்றினாள். முதுகு துடைத்த சிலேட்டுபோல் இருந்தது. அக்கா நீவி நீவிப் பார்த்தாள். எதுவும் உருளவில்லை. எடையைச் சத்தமாகச் சொன்னாள், வரிசைக்கே கேட்கும்படி.

மூத்தவள் கையை நீட்டினாள். "டம்ளரை எனக்கும் தாங்க. பாப்பாவை நான் தூக்கணும்."

அம்மா தடுக்கவில்லை.